பன்னிரண்டு வோல்ட்

தனலெட்சுமி குவைத்தில் நாலு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது அவளோடு வந்தவை இரண்டு கம்பளி, ஓர் இஸ்திரிப்பெட்டி, இடது முழங்கையில் கொதியெண்ணெய் பட்ட தழும்பு. வேன் அதற்கு மூன்று மாதம் கழித்துப் பண்டாரவளையில் வாங்கியது. ஆனாலும் லுணுகலைக்கு மேலே மேமலைத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள் அதைத் 'தனம் குவைத்துலேருந்து கொண்டாந்த வேன்' என்றே சொன்னார்கள். அவளும் திருத்தவில்லை. வேன் வந்து நின்ற அன்று அதன் நெற்றியில் சந்தனம் வைத்துவிட்டு, தகரத்தில் உள்ளங்கையை ஊன்றியபடி வெகுநேரம் நின்றாள்.

பதினெட்டு வருஷம் ஓடிக் களைத்த வேன் அது. அவள் புருஷன் சன்னாசி, அதுவரை தோட்டத்து லொறியில் கொழுந்து ஏற்றித் திரிந்தவன், அதற்குச் சாரதியானான். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை லுணுகலையில் இறக்குவான். பிறகு கடைக்குப் போகிற சனம். காய்ச்சல், குளவிக்கொட்டு, பிரசவ வலி என்று எது வந்தாலும் பதுளை ஆஸ்பத்திரிக்கு அந்த வேன்தான்.

ஐப்பசி பிறந்தால் அந்தப் பக்கத்தில் மழை ஓயாது. பகல் மூன்று மணிக்கே மலையிலிருந்து மூட்டம் இறங்கி ரோட்டில் படுத்துக்கொள்ளும். வேனின் பழைய முன்விளக்குகள் அந்த மூட்டத்தில் இரண்டு மஞ்சள் பொட்டாக நிற்குமே தவிர வழி காட்டாது. 2002ஆம் வருஷம் அப்படி ஒரு நாள், பிள்ளைகள் நிறைந்த வேனின் முன்சக்கரம் போக்குப் பாலத்தின் விளிம்பில் ஏறி, ஒரு முழம் தாண்டினால் பள்ளம் என்ற இடத்தில் நின்றது. அன்று வீட்டுக்கு வந்த சன்னாசி வேன் சாவியைத் தனலெட்சுமியின் முன்னால் வைத்தான்.

"நல்ல லைட்டு போடாம இனி எடுக்க மாட்டேன்" என்றான்.

தனலெட்சுமி தன் அண்ணனைத்தான் பார்த்தாள். வீரய்யா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற தொழிற்சாலையில், இருபது வருஷமாக மின்சார வேலை பார்ப்பவன். 'கரண்டு வீரய்யா' என்றால் மூன்று டிவிஷனிலும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை மச்சான்மார் இருவரும் பதுளைக்குப் போனார்கள். பஸ் நிலையத்துக்குக் கிட்டே மொஹிதீன் கடையில், பெட்டியில் பெயர்கூட ஒழுங்காக அச்சாகாத மலிவு விளக்குகள் குவிந்து கிடந்தன. அதிக வெளிச்சம் தரும் முன்விளக்குப் பல்புகள், மூட்டத்துக்கென்று இரண்டு மஞ்சள் விளக்கு, ஒரு கெசட் செட், கூரையில் ஓட்ட வண்ண பல்பு வரிசை. சன்னாசி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வைக்க மனமில்லாமல் கடைசியில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

கடைக்குப் பக்கத்திலேயே வாகன வயரிங் செய்கிற ஜௌபர் பாஸின், அதாவது ஜௌபர் மேஸ்திரியின், கராஜ். அவர் பல்பைத் திருப்பிப் பார்த்தார்.

"வெளிச்சம் நல்லாத்தான் ஈக்கும் வீரய்யா. பழைய பல்பு அறுவது வாட்டு. இது நூத்தி முப்பது. வேன்ட வயரு அந்த அறுவதுக்குத்தான் செஞ்சது. பெட்டரியிலேருந்து தனியா தடிச்ச வயரு இழுக்கணும். தனி பியூசு வேணும். ரிலே ஒண்ணு போட்டு சுமைய அதுல உடணும். இல்லாட்டி எல்லாம் அந்தப் பழைய சுவிட்சு மேலதான்."

"எத்தன நாளு புடிக்கும் பாஸ்?"

"வேன ரெண்டு நாளு உடுங்க. ஆனா முன்னுக்கு ரெண்டு வாகனம் நிக்கிது."

"அது சரிவராதுங்க, புள்ளைங்க பள்ளிக்கூடம் போவணும்" என்ற சன்னாசி வீரய்யாவின் பக்கம் திரும்பினான். "ஸ்டோருல நாப்பது குதிர மோட்டரையே கழட்டிப் பூட்டுற ஆளு நீங்க. இதுக்கு ஒரு பாஸ் வேணுமா மச்சான்?"

ஜௌபர் பாஸின் முன்னால் சொல்லப்பட்ட அந்த வார்த்தை வீரய்யாவுக்கு இனித்தது.

"நானே பாத்துக்குறேன் பாஸ்" என்றான்.

ரிலே அன்றைக்குக் கடையில் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த கிழமை வரும் என்றார்கள். வராத சாமானுக்காக வந்த சாமானை வைத்திருக்க இருவருக்கும் பொறுமையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. லயத்து வாசலில் வேனை நிறுத்தி, முன் இருக்கைகளைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வீரய்யா வேலையைத் தொடங்கினான். பெட்டரி இடது பக்க இருக்கையின் கீழே இருந்தது. ஸ்டோரில் மிஞ்சிக் கிடந்த வீட்டு வயரைக் கொண்டுவந்திருந்தான். மஞ்சள் விளக்கு, கெசட் செட், வண்ண பல்பு எல்லாவற்றையும் முன்விளக்குக்குப் போகிற பழைய வயரிலேயே சீவி முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினான். பக்கத்து வீட்டுக் காம்பராவில் தனியாக இருக்கிற இராக்கம்மா, கொழுந்தெடுக்கிற கையால் தட்டிய ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும் கொண்டுவந்து இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துவிட்டு, முக்காடு போட்டபடி வேடிக்கை பார்த்தாள். ஐம்பது வயதுக்காரி. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவள்.

"சாப்புட்டுட்டுச் செய்யி தம்பி. வேன் எங்கயும் ஓடிப் போயிறாது."

"இந்தா முடிஞ்சிருச்சுக்கா."

சுவிட்சைப் போட்டதும் பியூஸ் எரிந்தது. இன்னொன்று மாற்றினான். அதுவும் எரிந்தது. வேறு பியூஸ் கையில் இல்லை. பியூஸ் எரிந்தால் வயர் தாங்காத சுமை என்று அர்த்தம், அது வீரய்யாவுக்குத் தெரியாததில்லை. ஆனால் சுற்றிலும் லயமே நின்றது. தனலெட்சுமி ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்கு வந்துவிட்டாள். ஸ்டோரில் தோட்ட மேனேஜர் பெரிய தொரை அவசரப்படுத்தும்போது செய்கிற வேலை ஒன்று உண்டு. வயரைச் சீவி, ஏழெட்டுச் செம்பு இழைகளை எடுத்து, எரிந்துபோன பியூஸின் இரண்டு முனைக்கும் சேர்த்து முறுக்கினான். ரிலே வந்ததும் கழற்றிவிடலாம் என்று நினைத்தான்.

இந்தத் தடவை எல்லாம் எரிந்தன. மூட்டத்தைத் துளைத்துக்கொண்டு போன வெளிச்சம் எதிர்மலையின் தேயிலைச் செடிகளில் விழுந்தது. கெசட் பாடியது. கூரையில் சிவப்பும் பச்சையும் ஓடின.

"திருநா மாதிரி இருக்கு தம்பி" என்றாள் இராக்கம்மா.

தனலெட்சுமி வேனைச் சுற்றி வந்து ஒவ்வொரு விளக்காக நின்று பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தாள். அன்று வீரய்யாவுக்கு அவள் வீட்டில் கோழி அடித்தார்கள்.

பத்து நாள் கழித்துச் சன்னாசி சொன்னான்: "லைட்டு சுவிட்சு சுடுது மச்சான். வெரலு வைக்க முடியல."

"புதுசுல அப்படித்தான் இருக்கும்."

ரிலே வந்துவிட்டது. வீரய்யா அதை வாங்கிவந்து ஸ்டோரில் தன் மேசை லாச்சியில் வைத்தான். மார்கழியில் ஸ்டோருக்கு ஓயாத வேலை. வேனுக்கும் ஓயாத ஓட்டம். இரண்டும் சேர்ந்து நிற்கிற ஒரு ஞாயிறு வாய்க்கவில்லை. விளக்குகள்தான் நன்றாக எரிந்துகொண்டிருந்தனவே.

தைப்பொங்கலுக்கு முதல் நாள். லுணுகலைக் கடைத்தெருவிலிருந்து பச்சரிசி, வெல்லம், கரும்பு, புதுச்சட்டி என்று சாமானோடு ஒன்பது பேர் வேனில் ஏறினார்கள். முன்னால், சன்னாசிக்கு இடது பக்கத்தில் இராக்கம்மா. அவள் காலடியில் லாம்புக்கு வாங்கிய மண்ணெண்ணெய் கேன். நாலு மணிக்கே மூட்டம் அடைத்துவிட்டது. சன்னாசி எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு ஏறினான். பாதி மலையில் ரப்பர் தீய்கிற வாடை வந்தது. பின்னாலிருந்து யாரோ, எந்தப் பாவி வேனுக்குள்ளே சுருட்டுக் குடிக்கிறது என்று கேட்டார்கள். விளக்குகள் ஒருமுறை மங்கி, ஒருமுறை பளிச்சென்று எரிந்து, அணைந்தன. சன்னாசி வேனை மண்மேட்டோடு அணைத்து நிறுத்திய அதே நேரத்தில் இராக்கம்மாவின் இருக்கையின் கீழிருந்து புகை கிளம்பியது.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இராக்கம்மாவையும் சன்னாசிதான் இழுத்து இறக்கினான். அந்த இழுப்பில் கேன் கவிழ்ந்ததா, அதற்கு முன்பே கவிழ்ந்திருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. பெட்டரி வயரைப் பிடுங்கிவிட்டால் வேனைக் காப்பாற்றிவிடலாம் என்று அவன் திரும்ப இரண்டு கையையும் உள்ளே விட்டான். அப்போதுதான் எண்ணெய் பற்றியது.

வீரய்யா ஸ்டோரிலிருந்து ஓடிவந்து சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சன்னாசியை ஏதோ லொறியில் பதுளைக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். ரோட்டில் வேனின் எலும்புக்கூடு நின்று புகைந்தது. புதுச்சட்டிகள் உடைந்து கிடந்தன. இராக்கம்மா ஒரு கரும்பைப் பிடித்துக்கொண்டு மண்மேட்டில் உட்கார்ந்திருந்தாள். கேன் அவளுடையது என்ற பேச்சு அதற்குள் பரவி, சனம் அவளிடமிருந்து சற்றுத் தள்ளி நின்றது.

வீரய்யா வேனுக்குள் குனிந்தான். மற்றவர்களுக்கு அது கரி. அவனுக்கு அது எழுத்துப் போலத் தெரிந்தது. வெளியிலிருந்து எரிந்த வயரில் தோல் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே சூடேறிய வயர் முனையிலிருந்து முனைவரை தோலுரிந்து வெறும் செம்பாக நிற்கும். பியூஸ் பெட்டியிலிருந்து விளக்குவரை, அவன் எல்லாவற்றையும் முறுக்கிச் சேர்த்த அந்தப் பழைய வயர் அப்படித்தான் நின்றது. அவன் முறுக்கிய செம்பு இழைகள் உருகி ஒரு மணியாக உறைந்திருந்தன. இன்னும் சூடு ஆறாத அந்த வயரை அவன் பிடுங்கினான். கையில் சுருட்டி, யாரும் பார்க்காதபோது கீழே தேயிலைக்குள் வீசினான்.

மூன்றாம் நாள் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். தோட்டத் தலைவர் நடுவில் உட்கார்ந்தார். தனலெட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். இரண்டு நாளாகச் சீப்புப் படாத தலை.

"கேன எப்படி வச்ச இராக்கம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"நிமித்தித்தாங்க வச்சேன். மூடிய நல்லா முறுக்கித்தான் மூடுனேன்."

"மூடியிருந்தா எப்படி பத்தும்?"

"அது எனக்குத் தெரியலீங்க. மொத வாடைதான் வந்துச்சு. அது எண்ணெ வாடையில்ல."

ஒரு சலசலப்பு எழுந்தது. தலைவர் கையமர்த்திவிட்டு வீரய்யாவைப் பார்த்தார். "நீ கரண்டு தெரிஞ்ச ஆளு. அந்தப் புது லைட்டால பத்தியிருக்குமா? நீயே சொல்லு."

வீரய்யா தங்கச்சியைப் பார்த்தான். நாலு வருஷ உழைப்பில் வாங்கிய வேனும், புருஷனின் இரண்டு கையும் போய், மிச்சமிருக்கிற ஒரே பிடிமானமாக அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு வோல்ட்டுங்க அது. தொட்டாகூட ஷொக் அடிக்காது. அதுல எங்கிட்டு பத்துறது."

முதல் இரண்டும் உண்மை. அந்த உண்மைகளின் முதுகில்தான் மூன்றாவது பொய் ஏறி உட்கார்ந்தது.

இராக்கம்மா அவனையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை, ஏதோ கணக்குப் புரியாத குழப்பம்தான். "கரண்டு தம்பியே சொல்லுதுன்னா..." என்றாள். "அப்ப என் கேனுதான் போல."

யாரும் அவளை அடிக்கவில்லை, தள்ளிவைக்கவும் இல்லை. ஆனால் மலையில் கொழுந்தெடுக்கும்போது அவளுடைய நிரைக்குப் பக்கத்து நிரைக்கு யாரும் விரும்பி வரவில்லை. லுணுகலைக்குப் போகிற எந்த வாகனத்திலும் அவளுக்கு இடம் இல்லாமல் போனது. இடுப்பில் கட்டிய படங்கு நனைய நனைய ஏழு கிலோமீட்டர் நடந்து போய்வந்தாள். பிள்ளைகள் அவளுக்கு 'வேன் கொளுத்தி' என்று பேர் வைத்தார்கள். பெரியவர்கள் அதட்டினார்கள், பிறகு அவர்களும் சிரித்தார்கள். வீரய்யாவின் பெண்சாதி மாரியாயி ஒருத்திதான், "அந்த மனுசி எதையும் அரகொறையா செய்யுற ஆளில்லையே" என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். வீரய்யா பாதிச் சோற்றில் கை கழுவினான்.

ஆடி மாதம் இராக்கம்மா தோட்ட வேலையிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு ஸ்பிரிங்வெளியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். தனலெட்சுமி மறுபடி குவைத்துக்குப் போனாள். அதே வீட்டுக்கு. சன்னாசியின் இடது கை ஆறியது. வலது கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி அப்படியே நின்றுவிட்டன. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அவனுக்குக் காவல் வேலை கொடுத்தார்கள்.

நாலு வருஷம் கழித்து ஸ்டோருக்கு ஏதோ சாமான் எடுக்க வீரய்யா பதுளைக்குப் போனான். மொஹிதீன் கடைப்பக்கம் போகாமல் சுற்றிப் போவதுதான் அவன் வழக்கம். அன்று ஜௌபர் பாஸ் எதிரே வந்துவிட்டார்.

"எங்க, கண்டு வருசக்கணக்காகுது. அந்த வேன் ஓடுதா?"

"எரிஞ்சு போச்சு பாஸ்."

அவர் அவனை ரோட்டோரம் ஒதுக்கினார். "ரிலே போட்டீங்களா?"

வீரய்யா தலையை ஆட்டினான். இல்லை என்றுதான்.

"ஆளுக்கு ஒண்ணும் ஆகல்லதானே?"

"இல்ல பாஸ்" என்றான் வீரய்யா. பஸ்ஸில் பசறை தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே எதையும் அவன் பார்க்கவில்லை.

அன்று மாலை நேரே மடுவத்துக்குப் போனான். நிறுவை முடிந்து பெண்கள் போய்விட்டிருந்தார்கள். சன்னாசி இடது கையால் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், வேன் எரிஞ்சது கேனால இல்ல. நான் பியூசுல செம்ப முறுக்கி வச்சிருந்தேன்."

சன்னாசி சாக்கை மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்பலேருந்து?"

"சுவிட்சு சுட்ட நாள்லேருந்தே சந்தேகந்தான். மொதல்ல லைட்டு போச்சு, அப்பறந்தான் பொக வந்துச்சு. ஓட்டுனவன் எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? பாஸ் கேட்ட ரெண்டு நாள குடுக்க மாட்டேன்னது நானு. ஒங்கள உசுப்பி விட்டது நானு. ஆஸ்பத்திரியிலேருந்து வாரப்பவே நீங்க கூட்டத்துல பேசி முடிச்சிட்டீங்க. நான் மாத்திச் சொன்னா தனத்துக்கு அண்ணனும் இல்ல, புருசனும் இல்ல. அந்த மனுசிக்குப் புள்ளையா குட்டியான்னு நெனச்சேன்." அவன் சாக்கின் மேல் உட்கார்ந்தான். "அப்படி நெனச்சதுதான் மச்சான். இந்தக் கையவிட அதுதான் வலிக்குது."

ஞாயிற்றுக்கிழமை வீரய்யா ஸ்பிரிங்வெளிக்குப் போனான். இராக்கம்மா லயத்துப் பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. அவனைக் கண்டதும் துணியைப் போட்டுவிட்டு எழுந்து, "யாருக்கும் எதுவும் ஆயிருச்சா தம்பி?" என்றாள்.

அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பியூஸ் எரிந்தது, செம்பு இழை, லாச்சியில் கிடந்த ரிலே, தேயிலைக்குள் வீசிய வயர். சொல்லச் சொல்ல அவள் மெல்லக் கல்லில் உட்கார்ந்தாள். பீலித் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"எனக்கு இந்த ரிலே எல்லாம் வெளங்காது" என்றாள் கடைசியில். "கேனுல ஒண்ணும் இல்லங்கிற. அதானே?"

"ஒண்ணும் இல்லக்கா. நெருப்பு வந்ததுக்கப்பறந்தான் எண்ணெ பத்தியிருக்கு."

"மொதல்ல நிமித்தி வச்சதுதான் ஞாபகம் இருந்துச்சு தம்பி. அப்பறம் நெனச்சு நெனச்சுப் பாத்து, சாய்ச்சு வச்ச மாதிரியே ஞாபகம் வந்துருச்சு. மூடி லூசா இருந்த மாதிரியும் தெரிஞ்சுச்சு. கண்ண மூடுனா எங்கையால நானே தளத்தி விடுறேன்." அவள் தன் கைகளை யாருடையதையோ போலப் பார்த்தாள். "வருசா வருசம் பொங்கலுக்கு இங்க கோயில்ல சன்னாசி கைக்கு வெளக்குப் போடுறேன்."

வீரய்யா குனிந்து அவள் காலைத் தொடப் போனான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வேணாம். எங்கிட்ட சொல்றதுக்கு இம்புட்டுத் தூரம் வந்த. அன்னைக்குச் சொன்ன எடத்துல சொல்லு. கோயில் வாசல்ல, எல்லாரும் இருக்கயில."

"சொல்றேன்க்கா. நீங்களும் வாங்க. கூட்டிட்டுப் போறேன்."

"நான் எதுக்கு? நீ சொன்னத அங்கேருந்து யாராச்சும் வந்து எனக்குச் சொல்லட்டும். நீ வராத. வேற யாராச்சும்."

அவள் துணியை எடுத்து மறுபடி அலசத் தொடங்கினாள். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் வீரய்யா எழுந்து சொன்னான். குரல் பலமுறை அறுந்தது. திட்டுவார்கள், எழுந்து வருவார்கள் என்று அவன் எதிர்பார்த்தான். சனம் அவனைப் பார்த்தது, பிறகு ஒருவரையொருவர் பார்த்தது. பழைய தலைவர் செத்துப்போய்ப் புதுத் தலைவர் வந்திருந்தார். "அது ஆச்சே நாலு வருசம்" என்றார் அவர். "இப்ப எதுக்கு அதெல்லாம் கெளறிக்கிட்டு." பிள்ளைகள் சுண்டலுக்கு அடித்துக்கொண்டன. மாரியாயி மட்டும் எழுந்து, அவனுக்காகக் காத்திராமல், தனியே படியிறங்கிப் போனாள்.

குவைத்துக்கு டெலிபோனில் பேச அவன் லுணுகலைக்குப் போனான். தனலெட்சுமி முழுவதும் கேட்டாள். "சரிண்ணே" என்றாள். அந்தப் பக்கம் யாரோ அரபியில் அவளைக் கூப்பிடுவது கேட்டது. அதன் பிறகு சன்னாசிக்குத்தான் அழைத்தாள். அண்ணனைக் கேட்டதாகச் சன்னாசி ஒருபோதும் சொல்லவில்லை.

இராக்கம்மாவிடம் போய்ச் சொல்ல லயத்தில் யாரும் கிளம்பவில்லை. ஆளாளுக்கு ஒரு வேலை இருந்தது. இரண்டு ஞாயிறு அப்படியே கழிந்தது. மூன்றாவது ஞாயிறு சன்னாசி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மடங்கிய கையைப் பைக்குள் விடாமல், முதல் பஸ்ஸில் போனான்.

வீரய்யா மத்தியானத்திலிருந்தே ரோட்டுக்கு வந்து நின்றான். நாலரை மணி பஸ்ஸில் சன்னாசி இறங்கினான். இருவரும் லயத்துக்கு ஏறினார்கள்.

"சொன்னியா?"

"சொன்னேன். நான் மறச்சதையும் சேத்துச் சொன்னேன்."

"என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டியான்னு கேட்டுச்சு. சோறு போட்டுச்சு. என் கையயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் எந்திரிச்சுப் போயி சாப்புட கரண்டி ஒண்ணு கொண்டாந்து தட்டுல வச்சிச்சு."

வீரய்யா நின்றான். மூச்சு வாங்கியது.

"என்னப் பத்தி?"

சன்னாசி அவன் முகத்தைப் பார்க்காமல் மேலே லயத்தைப் பார்த்தான்.

"ஒங்களப் பத்தி ஒண்ணும் கேக்கல மச்சான்."